முதல் ஈடு: இரட்டையருக்குப் பால் கொடுத்த ஒரு தாய் – நிகழ்வு ஆய்வு

"பால் பத்தலை. எந்தப் பவுடர் நல்லதுன்னு சொல்லுங்க." இந்தக் கேள்வியோடுதான் அந்தக் குடும்பம் என்னிடம் வந்தது. பிள்ளைகளுக்கு அன்று 70 நாள். பையன் ஒன்று, பெண் ஒன்று. தாய்க்கு 27 வயது, முதல் பிரசவம். வீடு தாராவியில், 90 அடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில். கணவர் குடும்பத்துக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். மும்பைக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகிறது. இட்லி வியாபாரம். மாமியார் விடியுமுன் எழுந்து அவிப்பார், கணவர் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஏழு மணிக்குள் கிளம்பிவிடுவார். தாயின் அம்மா ஊரிலிருந்து வந்து நாற்பது நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தார்.

நான் உணவு ஆலோசகர். பால் கொடுக்கிற தாய்மாரைப் பார்ப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. அவர்கள் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

பிரசவமும் முதல் வாரங்களும்

36 வாரத்தில் சிசேரியன். பையன் 2.3 கிலோ, பெண் 2 கிலோ. பெண் குழந்தையை நான்கு நாள் தனி வார்டில் வைத்திருந்தார்கள். தாராவிக்குப் பக்கத்திலேயே இருக்கும் சயான் மருத்துவமனையில் 1989-லேயே டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் முயற்சியால் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கப்பட்டது. ஆனால் இவர் பிரசவித்த தனியார் மருத்துவமனையில் அந்த வசதி இல்லை, பவுடர் பால்தான் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் வரை தினம் இரண்டு வேளை பவுடர் தொடர்ந்தது. அப்புறம் இவரே பிடிவாதமாக நிறுத்தினார். நான்காவது வாரத்திலிருந்து இருவருக்கும் தாய்ப்பால் மட்டும்தான். மாதம் நிறையாமல் பிறந்த, தூங்கிவழிகிற இரண்டு பிள்ளைகளை எழுப்பி எழுப்பி மார்பில் போட்டு இந்த இடத்துக்குக் கொண்டுவந்தது லேசான காரியம் இல்லை. இதை அவரிடமே சொன்னேன். அதுவரை யாரும் அப்படிச் சொல்லவில்லை என்றார்.

பால் போதவில்லையா?

முதலில் பிள்ளைகளை எடை போட்டோம். பையன் 3,780 கிராம், பெண் 3,300 கிராம். 14-ஆம் நாள் அட்டையில் இருந்தது 2,320-ம் 2,010-ம். அதாவது 56 நாளில் பையன் நாளுக்கு 26 கிராம், பெண் 23 கிராம் ஏறியிருக்கிறார்கள். இந்த வயதில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் நல்ல வளர்ச்சி. ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைகிறது என்று கேட்டேன். ஆளுக்கு எட்டு, ஒன்பது. ஆறு இருந்தாலே போதும்.

பின்னே ஏன் போதவில்லை என்று நினைத்தார்கள்? சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை இரண்டும் மாறி மாறி அழுகின்றன, மார்பைவிட்டு இறங்குவதில்லை. மார்பு முதல் மாதம்போலக் கல்லாகக் கட்டுவதில்லை, தொளதொளவென்று இருக்கிறது. இரண்டுமே இயல்புதான். சாயங்காலத்தில் பிள்ளைகள் விட்டுவிட்டுத் தொடர்ந்து குடிக்கும். ஆறேழு வாரத்துக்கு மேல் சுரப்பு பிள்ளையின் தேவைக்குத் தக்கபடி அமைந்துவிடுவதால் மார்பும் இளகிவிடும். பால் வடிந்து வெளியேற வெளியேறத்தான் ஊறும். இருவர் குடிக்கும்போது உடம்பு இருவருக்கும் சேர்த்தே சுரக்கும்.

ஆக, பால் குறையவில்லை. அடுத்து, தாயை எடை போடச் சொன்னேன். "எனக்கு எதுக்கு அக்கா?" என்றார்.

45.8 கிலோ.

தாயின் நிலை

உயரம் 155 சென்டிமீட்டர். கருத்தரிப்பதற்கு முன் 49 கிலோ. பிரசவம் முடிந்து இரண்டாவது வாரம் தையல் பார்க்கப் போனபோது 54. அதிலிருந்து எட்டு வாரத்தில் 8.2 கிலோ, வாரத்துக்கு ஒரு கிலோ வீதம் இறங்கியிருக்கிறது. பால் கொடுக்கும் காலத்தில் வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் இறங்குவது நல்லதல்ல. அதுவும் ஏறிய எடை இறங்குகிற கட்டம் முடிந்து, இருந்த எடையிலிருந்தே 3 கிலோ போயிருந்தது.

எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது கை நடுங்குகிறது. உதட்டோரம் இரண்டு பக்கமும் வெடிப்பு. ஹீமோகுளோபின் 9.6, பால் கொடுக்கும் பெண்ணுக்கு 12-க்குக் குறைந்தால் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையை, மலம் கட்டுகிறது என்று ஐந்தாவது வாரமே நிறுத்தியிருந்தார். பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு கோளாறு வந்தாலும் இப்படி எடை இறங்கும், படபடப்பு வரும். அதனால் மருத்துவரிடம் அனுப்பி அதையும் பார்க்கச் சொன்னேன். சரியாக இருந்தது. மனச்சோர்வு குறித்த எடின்பரோ கேள்விகளைத் தமிழில் கேட்டேன். கவலைப்படும் அளவுக்கு வரவில்லை. ஆனால் "சின்னச் சின்ன விஷயத்துக்கும் அழுகை வருதா?" என்று கேட்கும்போதே அழுதுவிட்டார்.

அதற்குப் பிறகுதான் முந்தைய நாள் என்ன சாப்பிட்டார் என்று கேட்டேன். காலை ஐந்தரைக்குக் கருப்பட்டிக் காபி, இரண்டு ரஸ்க். பதினொரு மணிக்கு மூன்று இட்லி, பூண்டுப் பொடி. மூன்று மணிக்கு ஒரு தட்டுச் சோறு, கருவாட்டுக் குழம்பு, கொஞ்சம் முருங்கைக்கீரை. ஆறு மணிக்கு டீ. ஒன்பதரைக்கு இரண்டு தோசை. படுக்கும்போது பூண்டு போட்ட பால் ஒரு டம்ளர், பிரசவ லேகியம் ஒரு உருண்டை. எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் 1,400 கலோரியைத் தாண்டவில்லை. புரதம் 38 கிராம் அளவில் நின்றது.

இப்போது செலவுப் பக்கம். அந்த எடையுள்ள பிள்ளைகள் இருவரும் சேர்ந்து நாளுக்கு ஏறக்குறைய 1,130 மில்லி குடிப்பார்கள். 100 மில்லி தாய்ப்பாலில் சுமார் 67 கலோரி. பாலில் மட்டும் 750-க்கு மேல் போகிறது. அந்தப் பாலை உண்டாக்கும் வேலைக்கும் உடம்பு எரிபொருள் கேட்கும். அதையும் சேர்த்தால் 950. அவருடைய சொந்த உடம்புக்கும் வீட்டு வேலைக்கும் 1,550 என்று வைத்தால் மொத்தம் 2,500. வரவு 1,380, துண்டு 1,120. ஏழு நாளில் அது 7,840 ஆகிறது. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு கரைந்தால் கிடைப்பது ஏறத்தாழ 7,700 கலோரி. எடைக் கருவி காட்டிய வாரம் ஒரு கிலோவும் இந்தக் கணக்கும் அப்படியே பொருந்தின. பிள்ளைகள் ஏறுகிற ஒவ்வொரு கிராமும் இவரிடமிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை, முதல் ஆறு மாதம் பால் கொடுப்பவருக்கு வழக்கத்தைவிட 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது. புரதம் நாளுக்கு 63 கிராம். இது ஒரு குழந்தைக்கான அளவு. இரட்டையர் என்றால் கூடுதல் பகுதியை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிப் பார்க்க வேண்டும்.

முதல் திட்டமும் என் தவறும்

அன்று நான் ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தேன். ஏழு வேளை, என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று கட்டம் கட்டி எழுதியது. ஒரு வாரம் கழித்து வந்தார். 45.3. பட்டியலில் பாதிகூட நடக்கவில்லை. "வீட்ல எல்லாம் இருக்கு அக்கா, முடியல" என்றார். முடியவில்லை என்றால் என்ன பொருள் என்று எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வருகிறேன் என்றேன். முதல் நாளே அதைச் சொல்லியிருக்க வேண்டும். அரைக் கிலோ இறங்கிய அந்த வாரம் என் கணக்கில்தான் வரும்.

வீட்டில் பார்த்தது

மே மாதக் கடைசி. தகரக் கூரைக்குக் கீழே மின்விசிறி வெந்நீர்போலக் காற்றை இறைத்தது. மதியம் ஒன்றரைக்கு மாமியார் சோறு போட்டுத் தட்டை அடுப்பு மேடையில் வைத்து, "சாப்பிடு தாயி, ஆறிரப் போவுது" என்று சொல்லிவிட்டு அரிசி ஊறவைக்கப் போனார். அவர் குரலில் இருந்த அக்கறையில் குறையே இல்லை. அந்த நேரம் பெண் குழந்தை மார்பில் இருந்தது. அது குடித்து முடிக்க 25 நிமிடம். தோளில் போட்டு ஏப்பம் எடுக்கவைத்து, தூளியில் இடுவதற்குள் பையன் முழித்துவிட்டான். அவனுக்கு 20 நிமிடம். அவன் தூங்கவும் குழாயில் தண்ணீர் வரும் நேரம். குடத்தை எடுத்து வைத்து, நனைந்த துணிகளை அலசி, திரும்ப வந்து தட்டைத் தொட்டபோது மணி மூன்றே கால். குழம்பின் மேல் ஏடு படிந்திருந்தது. நாலு வாய் சாப்பிட்டார். "பசி போயிருச்சு" என்றார்.

தட்டுக்கும் அவருக்கும் நடுவே மூன்று அடி தூரம்தான். எழுந்தால் குழந்தை எழுந்துவிடும். இரண்டு கையும் பிள்ளைகள்மேல். நான் கட்டம் கட்டிய பட்டியலில் கை என்ற ஒன்றுக்கு இடமே இல்லை.

ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒன்பது முறை, தனித்தனியாக. மொத்தம் 18 முறை, முறைக்கு 20, 25 நிமிடம். ஏழு மணி நேரம் அதிலேயே போய்விடுகிறது. இதில் எங்கே ஏழு வேளைச் சாப்பாடு?

மாமியாரிடம் பத்தியம் பற்றிப் பேசினேன். "பச்சை உடம்புக்காரி. பருப்பு குடுத்தா புள்ளைக்கு வாயு பிடிச்சுக்கும்லா. வாழைப்பழம் சளி. தண்ணி ரொம்பக் குடிச்சா வயிறு தொங்கிரும்." ஆனால் அவர் கொடுத்துக்கொண்டிருந்ததில் நல்லது நிறைய. பூண்டு, மிளகு, சுக்கு, நல்லெண்ணெய், முருங்கைக்கீரை, கருவாடு. பத்தியம் என்பது மருமகள்மேல் அவர் காட்டிய கவனம். அதைத் தப்பு என்று சொல்லி ஒரு பெரிய மனுஷியின் முகத்தை வாடவைக்க எனக்கு மனம் வரவில்லை, தேவையும் இல்லை. நீக்கச் சொல்லாமல் சேர்க்கச் சொன்னேன். பருப்பால் தாய் வயிற்றில் வாயு உண்டாகலாம். அது குடலோடு நிற்பது, ரத்தத்தில் கலந்து பாலுக்குப் போகாது என்றேன். தண்ணீரை அளந்து கொடுக்கவும் வேண்டாம், வற்புறுத்திக் குடிக்கவைக்கவும் வேண்டாம். அதிகம் குடிப்பதால் பால் கூடிவிடாது. தாகம் எடுக்கிறபோது கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் போதும். பால் இறங்கும்போது தொண்டை வறளும், அதனால் பால் கொடுக்க உட்காரும் இடத்திலேயே சொம்பு வைக்க வேண்டும்.

அடுத்த வீட்டு மராத்தி மாவ்ஷி கொண்டுவந்த அளீவ் லட்டு ஒரு டப்பா நிறைய அலமாரியில் அப்படியே இருந்தது. "சூடு" என்று தொடவில்லை. தேங்காயும் வெல்லமும் சேர்ந்த நல்ல உருண்டை, தாராளமாகச் சாப்பிடலாம் என்றேன். (அளீவ் என்பது கடுகைவிடச் சற்று நீளமான செந்நிற விதை. நாட்டு மருந்துக் கடையில் ஆளி விதை என்று கேட்டால் பல இடத்தில் வேறு விதையைத் தருவார்கள். பார்த்து வாங்க வேண்டும்.)

பேச்சின் நடுவே மாமியார் தானாகவே ஒன்று கேட்டார். "ராத்திரி மூணு மணிக்கு இவ முழிச்சுத்தான் இருக்கா. நானும் முழிச்சுத்தான் இருக்கேன், இட்லி அவிக்க. அப்பமே குடுத்தா என்ன?"

என் பட்டியலில் அந்த வேளை இல்லவே இல்லை. காலை ஏழு மணிக்குத்தான் நாள் தொடங்குகிறது என்று எழுதியிருந்தேன். அந்த வீட்டில் நாள் மூன்று மணிக்குத் தொடங்குகிறது. நூற்றுக்கணக்கில் இட்லி அவிந்து வெளியே போகிற வீட்டில் மருமகளுக்கு முதல் இட்லி பதினொரு மணிக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது, வியாபாரம் முடிந்து மிஞ்சியதில். "முதல் ஈடு இனிமே அவளுக்கு" என்றார் மாமியார். ஒரு தடவை அவித்து இறக்கும் இட்லிதான் ஒரு ஈடு. அங்கேயே முடிவாகிவிட்டது.

இரண்டாவது திட்டம்

மூன்றரை மணிக்கு முதல் ஈட்டில் நான்கு இட்லி, எள்ளுப் பொடியும் தாராளமாக நல்லெண்ணெயும் தடவி, துண்டு துண்டாக்கிக் கிண்ணத்தில். பால் கொடுத்துக்கொண்டே ஒரு கையால் எடுத்துச் சாப்பிடலாம். இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருந்தால் மாமியார் ஊட்டிவிடுவார். இதிலேயே 400 கலோரி கிடைத்துவிடும். தட்டில் சோறு போட்டு வைப்பதைக் குறைத்து, ஒரு கையால் எடுத்து வாயில் போடக்கூடியதாக மற்ற வேளைகளையும் மாற்றினோம். அவித்த முட்டை இரண்டு. வாழைப்பழம் இரண்டு. கடலையும் வெல்லமும் இடித்துப் பிடித்த உருண்டை இரண்டு. இரும்பும் சுண்ணாம்புச்சத்தும் கருதி நடுநடுவே எள்ளுருண்டை. பால் இன்னும் இரண்டு டம்ளர். மதியச் சோற்றோடு பருப்பு. அதைப் பிசைந்து உருட்டிக் கையில் கொடுப்பது மாமியார் பொறுப்பு. எல்லாம் சேர்ந்து பழைய சாப்பாட்டுக்கு மேல் 1,300 கலோரி அளவில் கூடும்.

மீனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரசவித்தவளுக்குச் சுறாப் புட்டு என்று இவர்கள் தேடி வாங்குவார்கள். பெரிய சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் அதை அடிக்கடி வேண்டாம் என்றேன். இங்கே மார்க்கெட்டில் தார்லி என்று விற்பது நம் மத்திதான், பாங்டா என்பது அயிலை. மலிவும்கூட. பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கொழுப்பு மத்தியில் ஏராளம். தாய் சாப்பிட்டால் அது பாலில் கூடும்.

பால் கொடுக்கும் முறையையும் மாற்றினோம். ஜமுக்காளத்தை மடித்து இரண்டு பக்கமும் அடுக்கி, பிள்ளைகளைக் கக்கத்துக்குக் கீழே, கால்கள் பின்பக்கம் போகும்படி வைத்து, இருவரையும் ஒரே நேரத்தில் குடிக்கவைப்பது. முதல் இரண்டு நாள் ஒருவர் பிடித்துக்கொடுக்க வேண்டியிருந்தது. பகல் வேளைகளில் பாதியை இப்படிக் கொடுத்ததிலேயே நாளில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் மிச்சமானது.

மருத்துவர் இரும்பு மாத்திரையை நாளுக்கு இரண்டாக்கினார். டீயோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடாமல் இரண்டு மணி நேரம் தள்ளிப் போடச் சொன்னோம். ஆறு மாதம் வரை இரும்பு மாத்திரையும் கால்சியமும் அரசுத் திட்டத்திலேயே இலவசம். அங்கன்வாடியில் பெயர் பதிந்தால், பால் கொடுக்கும் தாய்க்கு ஆறு மாதம் வரை நாளுக்கு 600 கலோரி அளவுக்குச் சத்துணவு உண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அது உரிமை. இவர் பதிந்திருக்கவில்லை. கணவர் மறுநாளே போய்ப் பதிந்தார். பிள்ளைகளுக்கு வைட்டமின் டி சொட்டு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. எடை குறைந்து பிறந்ததால் இரும்புச் சொட்டும் குழந்தை மருத்துவர் எழுதினார்.

பிறகு

12-ஆம் வாரம் 45.4. இறக்கம் நின்றது. கை நடுக்கம் நான்கே நாளில் போய்விட்டதாகச் சொன்னார். 14-ஆம் வாரம் 46.1. 16-ஆம் வாரம் மறுபடி ஒரு நாள் சாப்பாட்டைக் கேட்டு எழுதினேன், 2,700 வந்தது.

ஜூலையில், 18-ஆம் வாரம், மழைக்காலக் காய்ச்சலில் மாமியார் படுத்துவிட்டார். இட்லியும் நின்றது, முதல் ஈடும் நின்றது. பிள்ளைகளும் அதற்குள் வளர்ந்து முன்னைவிட அதிகம் குடித்துக்கொண்டிருந்தன. அந்த ஒன்பது நாளும் இரவில் ஒரு வேளை பவுடர் பாலைப் பாலாடையில் கொடுத்துவிட்டு இவரைத் தூங்கச் சொன்னேன். தோற்றுவிட்டதாக நினைத்துப் போனில் அழுதார். இதில் தோற்பதற்கு ஒன்றுமே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. எடை 45.9-க்கு இறங்கியது. ஐந்தாம் நாள் கணவர் அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். அவர் அவித்த இட்லி கல்லு மாதிரி இருந்தது, ஆனாலும் நாலும் சாப்பிட்டேன் என்றார். மாமியார் எழுந்ததும் பவுடர் தானாக நின்றது.

26-ஆம் வாரம்: பையன் 6.4 கிலோ, பெண் 5.9. தாய் 46.9. ஹீமோகுளோபின் 11.3. பழைய 49-ஐ எட்டவில்லை. அதற்கு இன்னும் மாதங்கள் ஆகும். உதட்டோர வெடிப்பு ஆறிவிட்டது.

இந்த நிகழ்வைப் பற்றி

பால் நன்றாக வருகிறது என்பது தாய் நன்றாக இருக்கிறார் என்பதற்கு அத்தாட்சி அல்ல. சாப்பாடு குறைந்தாலும் உடம்பு பாலை அவ்வளவு சீக்கிரம் குறைக்காது. பாலுக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்தை எலும்பிலிருந்தும், சக்தியைக் கொழுப்பிலிருந்தும் தசையிலிருந்தும் எடுத்துக் கொடுத்துவிடும். பி வைட்டமின்கள், அயோடின், வைட்டமின் ஏ போன்றவை மட்டும் தாயிடம் குறைந்தால் பாலிலும் குறையும். பிள்ளையின் எடை ஏறுவதை மட்டும் பார்க்கிறவருக்கு இது எதுவும் கண்ணில் படாது. இந்தக் குடும்பத்தில், தையல் பார்க்கப் போன அந்த ஒரு நாளுக்குப் பிறகு எட்டு வாரம் யாரும் தாயை எடை போடவில்லை. தடுப்பூசிக்குப் போன இடத்திலும் போடவில்லை.

"என்ன சாப்பிட்டால் பால் ஊறும்?" என்று கேட்கிற குடும்பங்களிடம் இப்போதெல்லாம் வேறு கேள்வி கேட்கிறேன். இவர் சாப்பிடுகிற நேரத்தில் பிள்ளை யார் கையில் இருக்கும்? பிள்ளை இவர் கையில் இருந்தால் இவருக்கு யார் ஊட்டுவது? பதில் சொல்லத் தடுமாறினால், கருவி எடை காட்டும் முன்பே எனக்கு விஷயம் பிடிபட்டுவிடுகிறது. கடைசியாகச் சாப்பிடுகிற பழக்கத்தில் வளர்ந்த நம் பெண்கள் வாய்விட்டுக் கேட்கவும் மாட்டார்கள்.

இப்போது பிள்ளைகளுக்குக் கேழ்வரகுக் கூழும் குழைந்த பருப்புச் சாதமும் தொடங்கியிருக்கிறது. பால் தொடர்கிறது. இரண்டு தடுப்பூசி அட்டைகளில் பையனுடையதன் பின்பக்கம் தாயின் எடைக்கு ஒரு வரிசை போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒன்பதாம் மாத ஊசிக்கு டிசம்பரில் வரும்போது மூவரையும் எடை போட வேண்டும்.